வராத பணத்தை வரவில் எழுதியவர்கள்

என் பள்ளித் தோழன் ஒருவன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, ஓய்வு பெற்றபின் போர்தோவிலேயே தங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வான். 2024 ஜூலையில் வாரத்தின் நடுவிலேயே கூப்பிட்டான். "டேய், ஜிரோந்தேன் போச்சுடா" என்றான். அவன் குரலைக் கேட்டு, தெரிந்தவர் யாரோ தவறிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

தவறியது கால்பந்து கிளப். ஜிரோந்தேன் தெ போர்தோ 1881ல் தொடங்கியது. ஆறு முறை பிரான்ஸ் சாம்பியன். ஜிரெஸ், திகானா ஆடிய அணி. ஜிதான் உலகப் புகழ் அடைவதற்கு முன் ஆடிய அணி. கடன் முற்றி, தொழில்முறை அந்தஸ்தையே விட்டுவிட்டு நான்காம் பிரிவுக்கு இறங்கியது. ஆட்டக்காரர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள். பிள்ளைகளின் பயிற்சி மையத்தையும் மூடினார்கள்.

"எல்லாம் கடைசி முதலாளியால வந்த வினை" என்றான் அவன். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். கடைசிப் பக்கத்தில் நஷ்டம் தெரிந்தால், முதல் பக்கத்திலிருந்து புரட்டுவது பழக்கம்.

புரட்டினால் என்ன தெரிகிறது? 1991லேயே கடனுக்காக இந்தக் கிளப்பை இரண்டாம் பிரிவுக்கு இறக்கியிருக்கிறார்கள். பிறகு எம்6 தொலைக்காட்சி நிறுவனம் பல ஆண்டுகள் நடத்தி, 2018ல் அமெரிக்க முதலீட்டாளர்களுக்கு விற்றது. 2020ல் கொரோனா வந்து அரங்குகள் காலி. அதே ஆண்டு, ஒளிபரப்பு உரிமைக்கு ஆண்டுக்கு சுமார் 80 கோடி யூரோ தருவதாக ஒப்பந்தம் போட்டிருந்த மீடியாப்ரோ தவணை கட்டாமல் நின்றது. அந்தப் பணத்தை நம்பியிருந்த கிளப்புகள் எல்லாம் தவித்தன. 2021 ஏப்ரலில் முதலீட்டாளர்கள் இனிப் பணம் போடமாட்டோம் என்று கைவிரித்தார்கள். ழெரார் லோபெஸ் வாங்கியது அதற்குப் பிறகுதான். 2022ல் அணி முதல் பிரிவிலிருந்து இறங்கியது. வருமானமும் கூடவே இறங்கியது. 2024ல் லிவர்பூல் கிளப்பின் முதலாளிகள் வாங்குவார்கள் என்று காத்திருந்தார்கள். அவர்களும் விலகினார்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே தவறுதான்: வராத பணத்தை வரவில் எழுதியது.

இதைச் சொல்லும்போது எனக்கே கூசுகிறது. சர்வீசில் இருந்தபோது, மானியம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஒரு வேலைக்குக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். மேலே இருந்தவர்களும் கையெழுத்திட்டார்கள். மானியம் வரவில்லை. வேலையை முடித்துக் கொடுத்த சின்ன காண்ட்ராக்டர் இரண்டு வருஷம் எங்கள் வாசலில் நின்றார். எங்கள் யாருக்கும் ஒருநாள் சம்பளம்கூடத் தள்ளிப்போகவில்லை.

கிளப் விஷயமும் இதேதான். முதல் பழி கையெழுத்திட்டவனுக்கு, அதில் சந்தேகமில்லை. அடுத்த பங்கு, தெரிந்தும் குறிப்பு எழுதிய என் போன்றவர்களுக்கு. ரசிகனுக்கும் கொஞ்சம் உண்டு. "காசு இல்லை, இந்த ஆட்டக்காரன் வேண்டாம்" என்று எந்த ரசிகன் கூவியிருக்கிறான்? ஆனால் தண்டனை மட்டும் அலுவலக ஊழியர்களுக்கும் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கும் போனது.

இதையெல்லாம் தோழனிடம் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் கூவினவன்தான்டா" என்றான்.

இப்போது நான்காம் பிரிவு ஆட்டத்துக்கும் போகிறானாம். பென்ஷன் பணத்தில் டிக்கெட் எடுத்து. அந்தக் கிளப்பின் கதையில், கையில் இருக்கும் காசை மட்டும் செலவு செய்தவன் அவன்தான் என்று தோன்றுகிறது.