உற்பத்தி நின்ற கார்களும் காஞ்சிபுரத்துப் பட்டறைகளும்

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயில்களும் நினைவுக்கு வருவது இயல்பே என்றாலும், கடந்த 30 ஆண்டுகளில் அந்நகரைச் சூழ்ந்த நிலப்பரப்பு இந்திய மோட்டார் வாகன உற்பத்தியின் முதன்மையான மையங்களுள் ஒன்றாகவும் வளர்ந்துள்ளது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிக்கப்பட்ட காலத்தையொட்டியே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனமும், மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனமும், திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் காரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமும் ஆலை அமைத்தன. அவற்றுள் ஹூண்டாய் இன்றும் இயங்குகிறது. லான்சர் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஃபோர்டு தன் இந்திய உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, மறைமலை நகரில் கடைசிக் காரை 2022 ஜூலையில் தயாரித்து முடித்தது. ஆலை நின்ற பின்னும் அதில் உருவான வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டிருப்பதால், அவற்றைப் பழுதுபார்ப்பதும் அவற்றுக்கான உதிரிபாகங்களைத் தேடிப் பிடிப்பதும் காஞ்சிபுரம் வட்டாரத்துப் பட்டறைகளில் தனியொரு தொழில்திறமாக உருவெடுத்துள்ளன.

‘பெர்ஃபாமன்ஸ் கார்’ என்று ஆர்வலர்கள் அழைப்பது பந்தயக் காரை அன்று; தன் எடைக்கு மிஞ்சிய விசையும் வளைவுகளில் தடுமாறாத உறுதியும் கொண்ட, ஓட்டுவதன் இன்பத்துக்காகவே வாங்கப்படும் சாலை வண்டியையே அச்சொல் குறிக்கிறது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் பிறந்த விலையுயர்ந்த கார்களை எண்ணிக்கொண்டு காஞ்சிபுரத்துப் பட்டறைக்குள் நுழைபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அங்கே நிற்பவை 1999-இல் வெளிவந்த ஃபோர்டு ஐகான் 1.6, மாருதி எஸ்டீம், லான்சர், 2000-இல் அறிமுகமான 1.5 லிட்டர் வி-டெக் எஞ்சின் கொண்ட ஹோண்டா சிட்டி, அரிதாக ஒரு கான்டெஸா ஆகியனவே. விற்கப்போனால் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைகூடக் கிடைக்காத இவ்வண்டிகளுக்கு, அதைவிடக் கூடுதலாகச் செலவிடச் சிலர் முன்வருகின்றனர் என்பதே இத்தொழில் நிலைத்திருப்பதற்கான காரணம்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து நகருக்குள் பிரியும் பொன்னேரிக்கரை, வெள்ளை கேட் பகுதிகளிலும், வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்குச் செல்லும் சாலையோரத்திலும் காணப்படும் பட்டறைகள் பெரும்பாலும் தகரக்கூரை வேய்ந்தவை. ஒரே கூரையின்கீழ் எல்லா வேலையும் நடப்பதில்லை. எஞ்சினை இறக்கிப் பிரிப்பவர் ஒருவர்; சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் வேலை லேத் பட்டறையில்; ஒடுங்கிய தகட்டை நிமிர்த்துபவர் டிங்கர்; மின்கம்பிகளைப் பார்ப்பவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். பயிலும் இளைஞர்களுள் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. தறியைவிட ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளும் வாகனப் பட்டறைகளும் நிலையான வருமானம் தரும் என்று அக்குடும்பங்கள் கருதுவதே இதற்குக் காரணமாக இருக்க, இழை எண்ணிப் பழகிய கை என்பதால் எஞ்சின் வேலை எளிதில் வந்தது என்று சிலர் எழுதுவது அழகான மிகையே தவிர வேறில்லை.

பழுது எவ்வாறு ஒன்றிலிருந்து இன்னொன்றாக வளர்கிறது என்பதற்கு ஐகான் 1.6 நல்ல சான்று. அதன் ‘ரோகாம்’ எஞ்சின் வார்ப்பிரும்பு உடலும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டும் கொண்டது. கேம் ஷாஃப்ட் வால்வுகளை அழுத்தும் இடத்தில் உராய்வைக் குறைக்க உருளி பொருத்திய நெம்புகோல்கள் இருப்பதே அப்பெயருக்குக் காரணம். பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலியால் இயங்கும் இந்த எஞ்சின் முரட்டு உழைப்பாளி என்று மெக்கானிக்குகள் ஒப்புக்கொள்கின்றனர். ஆனால் குளிர்நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அமரும் கூடு பிளாஸ்டிக்கால் ஆனது. பல ஆண்டுகள் சூடேறி ஆறிய பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மையை அடைந்து, இணைப்பு வாயில் மயிரிழை விரிசல் விடுகிறது. நீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, சூடான உலோகத்தின்மேல் விழுந்து ஆவியாகிவிடுவதால் தரையில் ஈரம் தெரிவதில்லை. ஓட்டுபவர் சூட்டு முள்ளைக் கவனிக்கும்போது ஹெட் வளைந்திருக்கும்.

வளைந்த ஹெட்டைச் சோதிக்கும் முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டுவது. பழைய கேஸ்கட்டின் ஒட்டுதல்களைச் சுரண்டி, மண்ணெண்ணெயால் கழுவிய ஹெட்டைத் தலைகீழாக வைத்து, அதன்மேல் எஃகுச் சட்டம் ஒன்றை நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டங்களிலும் நிறுத்தி, சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் இடையே ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளைச் செருகிப் பார்க்கின்றனர். 0.05 மில்லிமீட்டர் தகடு தடையின்றி நுழைந்தால் ஹெட்டை ‘ஃபேசிங்’ செய்ய, அதாவது இயந்திரத்தில் சீவிச் சமப்படுத்த அனுப்புவது பொதுவான வழக்கம். இங்கேதான் நல்ல பட்டறைக்கும் அவசரப் பட்டறைக்கும் வேறுபாடு தெரிகிறது. தேவைக்கு மேல் சீவினால் எரியறையின் கொள்ளளவு குறைந்து அழுத்தம் கூடி, எஞ்சின் பாரம் இழுக்கும்போது ‘நாக்கிங்’ என்னும் தட்டொலி எழும். ஹெட் தாழ்ந்த அளவுக்குச் சங்கிலியால் இயங்கும் கேமின் நேரமும் சிறிது பின்தங்கும். எவ்வளவு சீவப்பட்டது என்பதை எழுதித் தரும் லேத் பட்டறைகள் குறைவு. வண்டிக்காரர் கேட்டால் மட்டுமே அந்த எண் காகிதத்தில் ஏறுகிறது. விரிசல் விட்ட தெர்மோஸ்டாட் கூட்டுக்கு அலுமினியத்தில் வார்த்த மாற்றைப் பொருத்துவது, அசலுக்கு மாறானது என்று தூய்மைவாதிகள் முகம் சுளித்தாலும், இவ்வண்டியைப் பொறுத்தவரை அறிவுடைய செயலே.

உதிரிபாகம் தேடும் முறையில் இப்பட்டறைகளின் உண்மையான திறம் வெளிப்படுகிறது. வண்டியின் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்டால் ‘சாமான் வருவதில்லை’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும் என்பதால், வண்டிப் பெயரைச் சொல்லாதே, நம்பரைச் சொல் என்று கடைக்குப் போகும் பையனிடம் மேஸ்திரி சொல்லி அனுப்புவது வழக்கம். ஆல்டர்னேட்டரில் தேய்ந்த பேரிங்கின் விளிம்பைத் துடைத்தால் 6303 போன்றதோர் எண் தெரியும். அது எந்தக் கார் நிறுவனத்துக்கும் உரியதன்று. உள்துளை 17, வெளிவிட்டம் 47, தடிமன் 14 மில்லிமீட்டர் என்ற அளவை உலகெங்கும் குறிக்கும் பொது எண். கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேற்பட்டதாக உள்ள பேரிங்குகளில் அவற்றை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் அளவு கிடைத்துவிடும் என்பதால், 6205 என்றால் 25 மில்லிமீட்டர் தண்டுக்குரியது என்று பள்ளிப் படிப்பை முடிக்காத இளைஞர் நொடியில் சொல்கிறார். எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ஆயில் சீலிலும் இவ்வாறே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். காருக்கென்று கிடைக்காத சீல் தண்ணீர் மோட்டார்க் கடையில் கிடைப்பதுண்டு. எனினும், வெப்பத்தைத் தாங்கும் ரப்பர் வகையையும் உதட்டின் திசையையும் பாராமல் அளவை மட்டும் பார்த்துப் போட்ட சீல் சில மாதங்களில் மீண்டும் கசியும்.

அளவுக்கு அடுத்தது எஞ்சின் குடும்பம் பற்றிய அறிவு. எஸ்டீமின் 1.3 லிட்டர் ‘ஜி13’ எஞ்சின் வகையே ஜிப்ஸி கிங்கிலும், வெர்சாவிலும், 2005-இல் வெளியான முதல் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டியிலும் இடம்பெற்றது. ஜிப்ஸியில் எஞ்சின் நெடுக்காகவும் எஸ்டீமில் குறுக்காகவும் அமர்வதால் வெளிப்புறப் பாகங்கள் பல ஒத்துவருவதில்லை என்றாலும், உள்ளே இயங்கும் பாகங்களைப் பொறுத்தவரை எஸ்டீம் அநாதையான வண்டி அன்று. 1984-இல் வந்த கான்டெஸாவில் பின்னர்ப் பொருத்தப்பட்ட 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இஸட். வண்டியிலும் பயன்பட்டதால், கான்டெஸாக்காரர்கள் பழைய அம்பாசடர்களைத் தேடுகின்றனர். லான்சரின் 1.5 லிட்டர் ‘4ஜி15’ எஞ்சின் குடும்பம் மலேசியாவில் புரோட்டான் வீராவிலும் ஓடியது. ஆகவே சாமானின் பெட்டியில் எந்தக் காரின் படம் உள்ளது என்பதைவிட, ‘எம்.டி.’ எனத் தொடங்கும் மிட்சுபிஷி எண் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

சென்னையில் இத்தேடல் இரண்டு இடங்களில் முடிகிறது. ஜி.பி. ரோட்டில் புதிய சாமான்களும், புதுப்பேட்டையில் கழற்றிய வண்டிகளின் பழைய சாமான்களும் கிடைக்கின்றன. புதுப்பேட்டையின் பெயரைக் கேட்டதும் திருட்டு வண்டி என்று சிரிப்பது சென்னைவாசிகளின் பழக்கமாக இருப்பினும், விபத்தில் சிக்கியும் ஆயுள் முடிந்தும் முறையாக விற்கப்படும் வண்டிகளின் கதவு, விளக்கு, கியர் பெட்டி ஆகியவற்றுக்கு அதைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. ரசீது தரும் கடையில் வாங்குவதும், எஞ்சின், கியர் பெட்டி போன்ற எண்ணிட்ட பாகங்களின் மூலத்தைக் கேட்டறிவதும் வாங்குபவரின் பொறுப்பு. புதிய சாமான்களில் காரின் பெயரோடு வரும் ‘கம்பெனி சாமான்’, அதே பாகத்தைச் செய்து கொடுத்த ஆலை தன் பெயரில் விற்பது, போலி என மூன்று தரங்கள் உள்ளன. இரண்டாவது வகையே பழைய வண்டிகளின் உயிர்நாடி. சென்னையில் 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். முதலிய இத்தகைய நிறுவனங்கள் மேற்கூறிய கார் ஆலைகளுக்கு ஒரு தலைமுறை முந்தியவை என்பது கருதத்தக்கது.

எஞ்சினுக்கு இத்தனை வழிகள் இருக்க, தீராத தலைவலியாக நிற்பவை ரப்பரும் பிளாஸ்டிக்கும் கண்ணாடியுமே. கதவுப் பட்டை, பம்பர், பின்விளக்கின் சிவப்பு மூடி, டேஷ்போர்டின் காற்றுவாய் போன்றவை ஒரு மாடலுக்கென்றே அச்சு செய்து வார்க்கப்படுவதால், அச்சு ஒழிந்ததும் அவையும் ஒழிகின்றன. லேத் பட்டறையால் அவற்றைப் படைக்க இயலாது. ஓடாமல் நிழலில் நிறுத்திய வண்டியிலும் ரப்பர் இறுகிப் பிளந்துவிடுகிறது. ஐகான் போன்ற வண்டிகளின் வளைவுத்திறம் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களின் இறுக்கத்தைப் பொறுத்தது என்பதால், மலிவான புஷ் போட்ட பெர்ஃபாமன்ஸ் கார் வெறும் பழைய காராகவே ஓடும்.

வேகத்தோடு தொடர்புடைய அறிவு இவ்வட்டாரத்துக்கு வந்த வழிகளுள் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடமும் ஒன்று. சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1980களின் இறுதியில் அமைத்த 3.717 கிலோமீட்டர் நீளத் தடம் அது. அங்கே எஸ்டீம் கார்கள் நெடுங்காலம் ஓடியதால், அந்த எஞ்சின் எதைத் தாங்கும், எங்கே முதலில் உடையும் என்பதெல்லாம் பந்தய மெக்கானிக்குகளின் வாய்வழியாகச் சாலையோரப் பட்டறைகளுக்கும் பரவின. இதற்கு நேர்மாறான பாடமும் இம்மண்ணில் உண்டு: வண்டலூரை அடுத்து ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், 1980களின் நடுவில் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடலை வாங்கி, அதில் தன் பழைய வேன்கார்டு காரின் 2 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி ‘ஸ்டாண்டர்டு 2000’ என விற்றது. வேகமான உடலில் சோம்பேறி எஞ்சின் கொண்ட அந்தக் கார் சில ஆண்டுகளில் மறைந்ததில் வியப்பில்லை.

இவ்வறிவு எங்கும் முறையாகப் பதிவு செய்யப்படவில்லை என்பதே இத்தொழிலின் பெரிய குறை. எதற்கு எது பொருந்தும் என்ற பட்டியல் மேஸ்திரியின் நினைவிலும், எண்ணெய் படிந்த கைக்குறிப்பிலும், கைப்பேசியில் எடுத்த படங்களிலும் சிதறிக் கிடக்கிறது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்த பின், நல்ல நிலையில் இருந்த வண்டிகளையும் சிலர் காயலான் கடைக்குத் தள்ளினர். இதனால் பழைய சாமான் வரத்து சிறிது காலம் கூடினாலும், பழுதுபார்க்க வரும் வண்டிகள் குறையத்தான் செய்யும்.

இத்தகைய வண்டி ஒன்றை வாங்க எண்ணுவோர், எஞ்சின் ஒலியில் மயங்குவதற்கு முன் நான்கு விளக்குகளும், இரண்டு பம்பர்களும், கண்ணாடிகளும், கதவு ரப்பர்களும் முழுமையாக உள்ளனவா என்று பார்த்துக்கொள்வது நலம். எஞ்சினைக் காஞ்சிபுரத்திலேயே சரிசெய்துவிடலாம். மேலும், பட்டறையில் கழற்றிப்போடும் தேய்ந்த பாகத்தை, புதியது பொருந்தி, வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடி முடிக்கும்வரை எறிய விடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்; அடுத்த முறை கடைக்காரரிடம் காட்டுவதற்கு அதன்மேல் பொறித்த எண்ணைவிட நம்பகமான சான்று வேறு இல்லை.