நாடி பிடிக்க ஒரு கை

எங்க அத்தை மக மாமல்லபுரம் பக்கம் நாத்து நடப் போறவ. எட்டு மாசம். காய்ச்சல் கொதிக்குது, கை நடுங்குது, வாந்தி, வயித்துப்போக்கு, சம்பந்தமில்லாமப் பேசுறா. சேரியில காத்துக் கருப்புன்னாங்க. முதலில் தூக்கிப்போன இடத்தில் ஒரு நர்சு, "காலனியா?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி நின்றே சொன்னார்: "வலிக்குப் பயந்து நடிக்கிறா." செங்கல்பட்டில்தான் ஒரு டாக்டரம்மா மணிக்கட்டைத் தொட்டு எண்ணினார். நிமிஷத்துக்கு 150. அதனால் பிழைத்தாள்.

இதற்குத் தைராய்டுப் புயல் என்று பேர். கழுத்துச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதைக் கவனிக்காமல் விட்டால், ஒரு தொற்றோ பிரசவ வலியோ ஆபரேஷனோ போதும், புயல் கிளம்பிவிடும். இதயம் செயலிழந்து உயிரே போகலாம். அடையாளம் முன்னாடியே தெரியும்: நன்றாகத் தின்றும் ஏறாத எடை, சும்மா இருக்கையிலும் படபடப்பு, பிதுங்கும் கண், கழுத்து வீக்கம். டப்ளின் டாக்டர் கிரேவ்ஸ் 1835லேயே எழுதிவைத்த அடையாளங்கள்தான்.

ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. ஐசியூவில் சேர்த்து முதலில் புரோப்பைல்தயோயூராசில். ஒரு மணி நேரம் கழித்தே அயோடின். படபடப்புக்குப் புரோப்ரனலால், கூடவே ஸ்டீராய்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஆஸ்பிரின் ஆகாது. தாய் தேறும் முன் பிரசவத்துக்கு அவசரப்படுவது ஆபத்து.

மருந்தெல்லாம் இருக்கு. ஆனா வைத்தியம் தொடுறதுலதான் ஆரம்பிக்குது. தொடாத கைக்கு நோய் தெரியாது, பேயும் நடிப்பும்தான் தெரியும்.

தோழர்களே, சேரிக்குள் கூட்டம் போடப் போகிற நாம், கர்ப்பிணியின் நாடியை எண்ணவும் கற்றுக்கொள்வோம். படுத்திருக்கையிலும் 120ஐத் தாண்டி, காய்ச்சலும் பிதற்றலும் சேர்ந்தால் பூசாரியைத் தேடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்க்கும்வரை வாசலைவிட்டு நகராதீர்கள்.