கேபின் பெருசா, காக்பிட் பெருசா?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். படகு வாங்கியிருக்கேன்னு தெரிஞ்சதும் ஊர்லேருந்து ரெண்டு போன். "பேங்க்ல அவ்ளோ சம்பளமா?"ன்னு. ஐயா, மூணு பேர் சேர்ந்து வாங்கின பழைய படகு அது. என் மகளை விட அதுக்கு வயசு அதிகம். என் பங்குக்குப் போட்ட காசுல ஒரு செகண்ட் ஹேண்ட் மாருதி வாங்கியிருக்கலாம். அவ்வளவுதான் நம்ம ஜமீன்.

மும்பைக்கு மாற்றலாகி வந்த புதுசுல, ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாம கொலாபா பக்கம் பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கிட்டேன். பி.காம். படிச்சுட்டு லெட்ஜரைக் கட்டிக்கிட்டு அழுதவனுக்குக் காத்துன்னா என்னன்னு நாற்பது வயசுலதான் தெரிஞ்சது. போன வருஷம் கூட ஓட்டற ரெண்டு பேரோட சேர்ந்து ஒரு படகு தேடினோம். விலைக்கு வந்தது ரெண்டு. ரெண்டுமே 24 அடி. அங்கேதான் சண்டை ஆரம்பம்.

தெரியாதவங்களுக்கு: கேபின்னா உள் அறை. படுக்கை, அடுப்பு, சாமானெல்லாம் அங்கே. காக்பிட்னா பின்பக்கம் திறந்த பள்ளம். ரெண்டு பக்கமும் பெஞ்சு, நடுவுல சுக்கான் பிடி. ஓட்டறவங்க, கூட வர்றவங்க எல்லாரும் உட்கார்றது அங்கேதான். 24 அடியில முன் மூக்கு கூராப் போயிடும், நங்கூரமும் சங்கிலியும் அதுக்குள்ள. பின்னாடி இன்ஜினுக்குக் கொஞ்சம். மிச்சம் 19 அடி. இதை எப்படிப் பிரிக்கிறதுங்கறதுதான் கணக்கே. முதல் படகுல கேபின் 13 அடி, காக்பிட் 6. ரெண்டாவதுல கேபின் பத்தரை, காக்பிட் எட்டரை. டபுள் என்ட்ரி மாதிரி. இங்கே ஒரு அடி வரவு வச்சா அங்கே ஒரு அடி பத்து.

படகு கட்டறவங்க இதுல சில தில்லாலங்கடி பண்ணுவாங்க. காக்பிட் பெஞ்சுக்கு அடியில படுக்கையை நீட்டிடுவாங்க. தலை கேபின்ல, கால் பெஞ்சுக்குக் கீழே. ஆனா பெஞ்சுக்கு அடியில பாய், கயிறு வைக்கிற பெட்டி போச்சு. உள்ளே நிமிர்ந்து நிக்கணும்னு கூரையை உயர்த்தினா, பின்னாடி உட்கார்ந்து ஓட்டறவனுக்கு முன்னாடி என்ன வருதுன்னு தெரியாது, காத்தும் அந்தச் சுவரைப் பிடிச்சுத் தள்ளும். சும்மா கிடைக்கிற இடம்னு ஒண்ணும் கிடையாது.

நான் கேபின் கட்சி. நாலு படுக்கை, நல்ல மரவேலை, நாளைக்கு விக்கும்போது விலை போகும். செக்யூரிட்டியைப் பார்த்தே பழகின கண்ணு! கூட்டாளிகள்ல ஒருத்தர் வேற காரணம் சொன்னார். காக்பிட் பெருசா இருந்தா அலை உள்ளே விழுந்தா ஆபத்துன்னு. நியாயம்தான். உட்காரும் பள்ளம் 6 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம்னு வைங்க. 18 கன அடி. தண்ணி நிரம்பினா 500 லிட்டருக்கு மேல, அரை டன். எட்டரை அடின்னா 700 கிலோவைத் தாண்டும். படகோட பின்பக்கத்துல பத்து பேர் ஏறி உட்கார்ந்த மாதிரி. அதனாலதான் பெருங்கடல் போற படகுகள்ல காக்பிட்டைச் சின்னதாவும், தண்ணி சட்டுனு வடியற மாதிரியும் வைப்பாங்க. ஆனா நாங்க என்ன உலகமா சுத்தப் போறோம்? கேட்வேலேருந்து மாண்ட்வா, காத்து நல்லா இருந்தா ரெண்டு ரெண்டரை மணி நேரம். ஜூன்ல மழை வந்தா படகைக் கரையேத்திட்டு அக்டோபர் வரைக்கும் வேடிக்கை பார்க்கணும்.

வீட்டுல தங்கமணியோட வாதம் ஒரே வரி. "எனக்குக் கதவு வேணும்." கழிப்பறையைச் சொல்றா. ஆறு மணி நேரம் தண்ணியில இருக்கறப்ப ஆம்பளைங்களுக்கு ஒரு கவலையும் இல்லை, அவளும் மகளும் காலையிலேருந்து தண்ணியே குடிக்காம வரணுமா? ரெண்டாவது படகுல இதுக்கு இருந்த ஏற்பாடு ஒரு பக்கெட்! 'தாரிணி' படகுல ரெண்டே பெண்கள் 2024 அக்டோபர்ல கிளம்பி 2025 மே மாசம் உலகத்தையே சுத்திட்டு வரலையா, அதுல ஒருத்தர் நம்ம புதுச்சேரி ரூபா அழகிரிசாமின்னு எடுத்து விட்டேன். "அது 56 அடிப் படகு. அதுல கதவு இருந்திருக்கும்"னா. வாயை மூடிக்கிட்டேன்.

ஆக, வீட்டுல மூணு ஓட்டும் கேபினுக்குத்தான். அப்பாவை யாரும் கேக்கலை.

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அம்மா போனதுக்கப்புறம் அப்பா தூத்துக்குடி வீட்டைப் பூட்டிட்டு எங்களோட செம்பூர் ஃபிளாட்டுக்கு வந்துட்டார். 76 வயசு, மூட்டு வலி. தோணி முதலாளி ஒருத்தர்கிட்ட கணக்குப்பிள்ளையா இருந்தவர். கொழும்புக்குச் சரக்கு ஏத்தற தோணிகளோட நடுவுலயே வாழ்ந்தவர். இங்கே அவருக்குன்னு இருந்தது ஒரு பால்கனி. காலையில பேப்பர், சாயங்காலம் காத்து, கீழே போற வர்றவங்க. மகள் பத்தாவது வந்தப்ப, அவ படிக்க இடம் வேணும்னு அந்தப் பால்கனியை ஜன்னல் போட்டு அடைச்சேன். மும்பையில எல்லாரும் செய்யறதுதான். ஹால் நாலடி பெருசாச்சு. அப்பா ஒண்ணும் சொல்லலை. நாற்காலியை அந்தக் கண்ணாடிக்கு நேரா போட்டு உட்கார ஆரம்பிச்சார். நானும் அதைப் பெருசா எடுத்துக்கலை.

படகு பார்க்க ஒருநாள் அவரையும் கூட்டிட்டுப் போனேன், வீட்டுல தனியா விட முடியாதுங்கறதுக்காக மட்டும். சின்ன ஓடத்துலேருந்து ரெண்டு பேர் தாங்கி ஏத்தினாங்க. கேபின் படகுல காக்பிட்ல ஒடுங்கி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மூணு படி செங்குத்தா இறங்கணும். அவர் முழங்காலுக்கு அது கிணறு.

"நல்லாத்தான் கட்டிருக்கான். நான் எங்கலே உக்காருவேன்?"

அடுத்த படகுல காக்பிட் பெஞ்சுல காலை நீட்டி உட்கார்ந்தார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கலை. "தோணியில உள்ளாற இடம் சரக்குக்கு. ஆளு மேலதாம்லே படுப்பான், தண்டலும் அப்படித்தான்"னார். அப்புறம் சுக்கான் பிடியில கை வச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தார்.

அன்னிக்கு ராத்திரி என் கணக்கு எல்லாம் எனக்கே பொய்யாத் தெரிஞ்சது. இந்த ஊர் ஏப்ரல் வெக்கையில அந்த ஃபைபர் கேபினுக்குள்ள யார் படுப்பாங்க? இட்லிப் பானைக்கும் அதுக்கும் ஆவி மட்டும்தான் வித்தியாசம். நாலு படுக்கைன்னு நான் மதிப்புப் போட்டது வருஷத்துல நாலு ராத்திரிக்கு. காக்பிட் மேல ஒரு துணிப் பந்தல் கட்டினா நாள் முழுக்க அஞ்சாறு பேர் உட்காரலாம். அதுக்காகத் தங்கமணி கேட்டது தப்புன்னு ஆயிடுமா? இல்லை. அவ கேட்டதுதான் எல்லாத்திலயும் நியாயமான கேள்வி.

கடைசியில காக்பிட் படகையே எடுத்தோம். முன்பக்கப் படுக்கையைப் பிரிச்செறிஞ்சுட்டு, அங்கே தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு சின்ன டாய்லெட்டும், ஒட்டுப்பலகையில மடக்குக் கதவும் வச்சோம். இதுக்குக் கூட்டாளிகள் பங்கு தர மாட்டேன்னுட்டாங்க, முழுச் செலவும் என் தலையில. இப்ப அவங்க வீட்டுப் பெண்கள்தான் அதை அதிகமா உபயோகிக்கிறாங்க. இருக்கட்டும்.

முதல் குடும்பப் பயணம் டிசம்பர்ல. மாண்ட்வா போயிட்டுத் திரும்பறப்ப, கேட்வே கிட்டே ஒரு ஃபெர்ரி கிளப்பின அலை பக்கவாட்டுல வந்து அறைஞ்சு, ரெண்டு குடம் தண்ணி காக்பிட்ல விழுந்தது. வடியற குழாய்தான் இருக்கேன்னு மெத்தனமா இருந்தேன். வடியலை. எல்லாரும் கணுக்கால் தண்ணியில. மகள் கையை விட்டுத் துழாவினா, எலுமிச்சை சாதமும் வேர்க்கடலையும் உருண்டையா வந்தது. தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அன்னிலேருந்து குழாய் வாய்க்குச் சல்லடை போட்டிருக்கேன். அப்பா இந்தக் களேபரத்துல வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சுக்கானை விடாம உட்கார்ந்திருந்தார். "பாயைப் பாருலே, கீழ என்ன பார்க்க"ன்னு எனக்கு ஒரு அதட்டல் வேற.

வர்ற ஜூலையில மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறா. பால்கனி ஜன்னலை எடுத்துடலாமான்னு தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அடைக்க வாங்கினதை விட எடுக்கறதுக்கு அதிகம் சொல்றார். பேரம் நடந்துக்கிட்டிருக்கு.