நேரமில்லாதவர்களின் தேகாப்பியாசம்

தேகாப்பியாசம் செய்யாதவர்கள் எல்லோரிடமும் ஒரே சமாதானம் தயாராக இருக்கிறது. "நேரமில்லை" என்பதே அது. இதைப் பொய்யென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அவசர அவசரமாகக் காரியாலயத்துக்கு ஓடும் குடும்பஸ்தரும், விடியுமுன் அடுப்படியில் நுழையும் குடும்பத் தலைவியும் தினம் ஒரு மணி நேரத்தை யாரிடம் கடன் வாங்குவார்கள்?

இவர்களுக்கென்றே ஏற்பட்டதோ என்னும்படியான முறை ஒன்று உண்டு. சிறிது நேரம் கடுமையாக உழைப்பது, பிறகு இளைப்பாறுவது, மறுபடியும் உழைப்பது. இவ்வளவுதான் அதன் ரகசியம். செக்கோஸ்லோவாகியாவின் ஓட்ட வீரர் எமில் ஜாடோபெக், 400 மீட்டர் தூரத்தை வேகமாக ஓடுவதும், நடுவே மெள்ள ஓடுவதுமாக மாற்றி மாற்றிப் பழகினார். 1952-ஆம் வருஷத்து ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்று பந்தயங்களிலும் அவரே வெற்றி பெற்றார்.

"அவர் வீரர், நாம் எம்மாத்திரம்?" என்று நேயர்கள் கேட்கலாம். 2016-ல் கனடா தேசத்து மக்மாஸ்டர் சர்வகலாசாலையார் வெளியிட்ட பரிசோதனை இதற்கு விடையளிக்கிறது. தேகாப்பியாசமே அறியாத ஆடவர்களில் ஒரு கோஷ்டியார் வாரம் மூன்று முறை 45 நிமிஷம் நிதானமாகச் சைக்கிள் மிதித்தார்கள். மற்றொரு கோஷ்டியார் மிதித்தது 10 நிமிஷமே. அதிலும் முழு வேகம் மும்முறை, 20 விநாடி வீதம். ஆக மொத்தம் ஒரே நிமிஷம்! 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, பிராணவாயுவை உபயோகிக்கும் சக்தி இரு கோஷ்டியாருக்கும் ஏறக்குறைய சமமாகவே வளர்ந்திருந்தது. இன்ஸுலின் வேலை செய்யும் திறனும் இரு சாராரிடமும் விருத்தியடைந்திருந்தது.

காரணம் விளங்காததல்ல. வேகமான உழைப்பில் தசைகள் பிராணவாயுவுக்காகத் தவிக்கின்றன. அதைக் கொடுக்க இருதயம் பலமாக வேலை செய்து பழகுகிறது. தசைக்குள்ளே சக்தியை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளும் பெருகுகின்றன.

நம் வீட்டில் நீரிழிவு பரம்பரைச் சொத்து. ஐம்பத்திரண்டாவது வயதிலேயே நம் தகப்பனார் பத்துப் படி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுவார். அந்தச் சொத்து நம் குழந்தைகள் வரையில் போகவேண்டாமென்று எண்ணி, வைத்தியரின் அனுமதியுடன் வீட்டு மாடிப்படியையே பயிற்சி சாலையாக்கிக் கொண்டோம். முதலில் சில நிமிஷம் நடை, பிறகு இரண்டு மாடி விறுவிறுப்பான ஏற்றம், நிதானமான இறக்கம், இவ்வாறு மூன்று தடவை. வாரத்தில் மூன்று நாள் போதும். முதலில் வேடிக்கை பார்த்துச் சிரித்த வீட்டு அம்மாள் இப்போது நமக்கு முன்னால் ஏறுகிறார்! படியில்லாத வீட்டில் பஸ்கி எடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. இருதய நோயோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் வைத்தியரைக் கலக்காமல் இதில் இறங்கலாகாது. மார்பில் வலி கண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். மற்றவர்கள் வரும் திங்கட்கிழமை பத்தே நிமிஷம் ஒதுக்கிப் பார்க்கட்டும். பால் காய்வதற்குள் அன்றைய பயிற்சி முடிந்துவிடும்.