உடைந்த ஹார்ட் டிஸ்க்கும் தாத்தாவின் குரலும்

2023 டிசம்பர் 17. தூத்துக்குடிக்காரர்கள் மறக்க முடியாத ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. அந்த மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையே அவ்வளவு கிடையாது!

ராத்திரி வீட்டுக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. கரண்ட் இல்லை. "ஏலே, முதல்ல அரிசி மூட்டையத் தூக்குலே" என்று அம்மா கத்துகிறார். பையனின் கண்ணோ தரையில் இருந்த கம்ப்யூட்டர் மேல். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிப் பரணில் வைத்துவிடலாம் என்று ஐடியா. செல்போன் வெளிச்சத்தில் ஸ்க்ரூவைக் கழற்றினான். பவர் கேபிள் வந்துவிட்டது. டேட்டா கேபிள் மட்டும் வரவில்லை. பக்கவாட்டில் ஒரே இழு...

"டிக்!"

தண்ணீர் அந்த டிஸ்க்கைத் தொடவே இல்லை. காப்பாற்றப் போனவன் கைதான் உடைத்தது.

உள்ளே என்ன இருந்தது? சினிமா, பாட்டு, கல்லூரி ப்ராஜெக்ட்... அதெல்லாம் போனால் போகட்டும். 47 நிமிட ஆடியோ ஒன்றும் இருந்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அதில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கியவர்களில் அவன் தாத்தாவும் ஒருவர். 2018 லீவில் அவரைப் பேச வைத்து போனில் பதிவு செய்திருந்தான். போனில் இடம் இல்லை என்று டிஸ்க்குக்கு மாற்றினான். வேறு காப்பி எடுக்கவில்லை. 2020ல் தாத்தா போய்விட்டார்.

வெள்ளம் வடிந்ததும் ஒரு கடைக்குப் போனான். "டிஸ்க் போச்சு, புதுசு வாங்கிக்கோ" என்றார்கள். அடுத்த கடை அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "தட்டு நல்லாத்தான் இருக்கும் தம்பி. வாசப்படிதான் ஒடிஞ்சிருக்கு" என்றார்.

அது உண்மைதான். தகவல் எல்லாம் உள்ளே மூடியிருக்கும் காந்தத் தட்டுகளில் இருக்கிறது. வெளியே இருக்கும் கனெக்டர் வெறும் வழி. 2003ல் அறிமுகமான சாட்டா கனெக்டரில் டேட்டாவுக்கு 7 பின்கள். அதில் 3 கிரவுண்டு. மீதி 4ல், இரண்டு போவதற்கு, இரண்டு வருவதற்கு. இந்தப் பின்களைத் தாங்கி நிற்பது 'எல்' வடிவத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு. பெட்டிக்குள் இருக்கும் இந்தக் கேபிளை 50 முறை சொருகி எடுப்பதற்குத்தான் விதிமுறையே உத்தரவாதம் தருகிறது. பக்கவாட்டில் இழுத்தால் ஒரு முறையே போதும்.

இங்கே உடைந்தது டேட்டா பக்கம் என்பது அதிர்ஷ்டம். பவர் பக்கத்தில் 15 பின்கள். 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒரே வரிசையில் வருகின்றன. அங்கே பின் வளைந்து ஒன்றோடொன்று தொட்டால் சர்க்யூட் போர்டே கருகிவிடலாம். சரி, அதே மாடலில் வேறு போர்டை மாற்றலாமே என்றால், பல டிஸ்க்குகளில் அதுவும் நேரடியாக வேலை செய்யாது. அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பழைய போர்டில் ஒரு சிப்பில் இருக்கும். அதையும் பெயர்த்து வைக்க வேண்டும்.

அண்ணாச்சி செய்தது எளிமையான வேலை. உடைந்த நாக்கு கேபிள் முனைக்குள்ளேயே மாட்டியிருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. வளைந்திருந்த இரண்டு பின்களை ட்வீசரால் மெதுவாக நிமிர்த்தினார். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தார். "நம்ம ஊர் உப்புக் காத்து தம்பி. மேல இருக்க தங்கப் பூச்சு கொஞ்சம் கீறினாலும் உள்ள பச்சை புடிச்சிரும்" என்றார். பிறகு, நாக்கோடு இருந்த கேபிள் முனையை ஏழு பின்களுக்கும் நேராக நகர்த்திப் பொருத்தினார். கேபிள் முனையையும் டிஸ்க்கின் உடம்பையும் வெளிப்பக்கமாக மட்டும் அரால்டைட் போட்டு ஒட்டினார். சட்டென்று ஒட்டும் பசை வேண்டாமாம். அது தண்ணீர் மாதிரி ஓடிப் பின்களுக்குள் போய்விடும்.

ஒரு ராத்திரி காய வைத்தார்கள். இனி அந்தக் கேபிளும் டிஸ்க்கும் பிரியவே முடியாது. "ஒரு தடவ ஓடினாப் போதும். முதல்ல எது வேணுமோ அத எடு" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் ஆன் செய்தார்கள். டிஸ்க் சுழலும் சத்தம். திரையில் ஒன்றும் இல்லை. கேபிளை ஒரு நூல் அளவு மேலே அழுத்திப் பிடித்தார் அண்ணாச்சி. வந்துவிட்டது! 45 எம்பி ஃபைல். காப்பியாக சில நொடிதான். மீதியை எடுக்க ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் பையன் கேபிளைப் பிடித்த பிடி விடவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினான். தாத்தா பேசினார்.

"கீழ போறவனுக்கு மூச்சு ஒண்ணுதான் சொத்து. உசிரு மேல வள்ளத்துல நிக்கவன் கையில இருக்கு. அதான் கயிறு புடிக்க மச்சினனையே நிறுத்துவோம். கூடப் பொறந்தவ தாலிய நெனச்சாவது கயித்த விட மாட்டாம்லா..."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இன்னொரு தடவ போடுலே" என்றார்.

இப்போது அந்த ஆடியோ மூன்று இடங்களில் இருக்கிறது. கேபிள் ஒட்டிய டிஸ்க் அலமாரியில் தூங்குகிறது. அதில் இனி எதையும் சேமிப்பதில்லை. ஒட்டுப் போட்டது ஒட்டுப் போட்டதுதான்.

உங்கள் வீட்டிலும் ஒரே ஒரு காப்பியாக ஏதாவது ஒரு குரல் இருக்கிறதா? அடுத்த மழைக்கு முன்னால் இன்னொரு இடத்தில் போட்டு வையுங்கள். அப்படியே, கேபிளைக் கழற்றும்போது நேராக இழுங்கள்!