கடல் கடந்தும் நம் வாசல்

தூதர் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது என்ன? பளபளக்கும் கார், அதன் முன்னே பறக்கும் மூவண்ணக் கொடி, விருந்து மண்டபம், கைகுலுக்கும் புகைப்படம்! நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். தூதரகம் பெரிய மனிதர்களுக்கு உரிய இடம். திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் எங்கள் குடும்பத்திற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்திருந்தோம். அந்த நினைப்பை மாற்றியவர் எங்கள் அப்பா.

எங்கள் பகுதி வானம் பார்த்த பூமி என்பதை அறியாதார் யார்? மழை பெய்தால் கண்மாய் நிறையும். உளுந்தும் பருத்தியும் குதிரைவாலியும் விளையும். மழை பொய்த்தால் சீமைக்கருவேல மரமே தஞ்சம். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, மூட்டை கட்டி விற்றுத்தான் அப்பா எங்களைப் படிக்க வைத்தார். கடன் பெருகவே, மூன்று ஆண்டுகளுக்கு முன் வளைகுடா நாடு ஒன்றுக்குப் புறப்பட்டார்.

அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் அந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதானால், 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும். ஏமாறாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. முகவரோ, “அதெல்லாம் வீண் அலைச்சல் அண்ணாச்சி” என்று சொல்லி, சுற்றுலா விசாவில் விமானம் ஏற்றிவிட்டார்.

கடையில் வேலை என்றார்கள். கிடைத்ததோ கொதிக்கும் வெயிலில் கட்டட வேலை. இறங்கிய அன்றே கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏழு மாதம் சம்பளம் இல்லை. தொலைபேசியில் அப்பா, “நல்லா இருக்கேம்மா” என்பார். அந்தக் குரலிலேயே உண்மை தெரிந்துவிடும். அம்மா அடுப்படியில் அமர்ந்து ஓசையின்றி அழுவார்.

எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரியிடம் இதைச் சொன்னோம். அவர் ஆறுதல் கூறியதோடு நில்லாமல், ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தந்தார். வெளியுறவு அமைச்சகம் 2015 ஆம் ஆண்டு தொடங்கிய ‘மதத்’ என்னும் குறைதீர் தளத்தில் பதிவு செய்தார். அம்மா திங்கட்கிழமை விருதுநகருக்குப் போய், மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தார். அப்பாவும் நண்பர் ஒருவரிடம் பேருந்துக் காசு வாங்கிக்கொண்டு இந்தியத் தூதரகத்திற்குச் சென்றார்.

அங்கே கண்டதை அப்பா எத்தனை முறை சொன்னாலும் எங்களுக்குச் சலிப்பதில்லை. ஒரு வரிசையில் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வந்தவர்கள். அடுத்த வரிசையில் பிறந்த குழந்தையைப் பதிவு செய்ய வந்த இளந்தாய். அவளுக்குப் பின்னே, இறந்துபோன நண்பனின் உடலை ஊருக்கு அனுப்பக் காகிதம் கேட்டு நிற்கும் ஒருவர். பிறப்பும் இறப்பும் ஒரே கூடத்தில்! எல்லாருக்கும் பதில் சொல்ல ஓர் அலுவலர். அவர் அப்பாவைப் பார்த்துத் தமிழிலேயே, “உட்காருங்க அண்ணாச்சி, தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க” என்றாராம். ஏழு மாதத்தில் தம்மை யாரும் உட்காரச் சொன்னது அதுவே முதல் முறை என்று சொல்லும்போது அப்பாவின் கண்கள் கலங்கும்.

அந்த அலுவலர் நிறுவனத்தாரோடு பலமுறை பேசினார். தங்குமிடத்துக்கே நேரில் வந்து பார்த்தார். அந்நாட்டு அதிகாரிகளிடம் அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டுக் கடிதம் எழுதினார். தூதருக்கு அங்கே கட்டளையிடும் அதிகாரம் இல்லை. அந்நாட்டுச் சட்டத்தை மதித்தே நடக்க வேண்டும் என்று 1961, 1963 ஆம் ஆண்டுகளின் வியன்னா உடன்படிக்கைகள் கூறுகின்றன. தம் நாட்டவரைக் காக்கவும், சிறையில் இருப்பவரைச் சென்று காணவும் உரிமை உண்டு. ஆனால் அவருடைய கருவி பேச்சும் பொறுமையும்தான்! வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்ததன் பொருள் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

கடவுச்சீட்டு கடைசிவரை கைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழைத் தூதரகம் வழங்கியது. துன்புறும் இந்தியர்க்காக 2009 ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட சமூக நல நிதியிலிருந்து விமானச் சீட்டும் கிடைத்தது. நான்கு மாதச் சம்பளம் கிடைத்தது; முறையான ஒப்பந்தம் இல்லாததால் மூன்று மாதச் சம்பளம் போனது போனதுதான். விடைபெறும்போது அந்த அலுவலர், “எங்கம்மாவைப் பார்த்து எனக்கும் மூணு வருஷமாச்சு அண்ணாச்சி. நீங்க முதல்ல போங்க” என்றாராம்.

பெரும் இடர் வரும்போது இதே வேலை பல மடங்காகிறது. 1990 ஆம் ஆண்டு குவைத்தை ஈராக் கைப்பற்றியபோது, அங்கிருந்து ஏறத்தாழ 1,70,000 இந்தியர் விமானங்களில் தாயகம் மீட்கப்பட்டனர். அத்தனை பேருக்கும் பயணக் காகிதம் வேண்டாமா, பட்டியல் வேண்டாமா? அவற்றைக் கண்விழித்து எழுதிய கைகளை நாம் அறியோம்.

இப்பணி பெண்களுக்கு ஆகுமா என்று கேட்பவர் உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார் அன்றோ! நம் காலத்திலும் ஒருவர் உண்டு. குடகு நாட்டில் பிறந்த சி. பி. முத்தம்மா, மடிக்கேரியில் புனித சூசையப்பர் பெண்கள் பள்ளியிலும், சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றவர். 1949 ஆம் ஆண்டு இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி அவரே. திருமணம் செய்துகொண்டால் பணியை விட்டு விலக நேரிடும் என்ற விதி அன்று பெண்களுக்கு மட்டும் இருந்தது. 1970 ஆம் ஆண்டு ஹங்கேரிக்குத் தூதரானார். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு வந்துவிட்டது. எனினும் 1979 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பெண்களைத் தாழ்த்தும் பணி விதிகளைத் தாமதமின்றித் திருத்தும்படி அரசுக்கு வலியுறுத்தினார். தமக்காகத் தொடுத்த வழக்கால் பின்னே வருவோர்க்கும் வழி திறந்தார் முத்தம்மா!

அன்புச் சகோதரிகளே! எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு வரை வந்தவர்கள் இதற்கு முன் இல்லை. இந்த ஆண்டு நாங்கள் தேர்வு எழுதுகிறோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்பது வெறும் மதிப்பெண் அன்று. யாரும் நம்மை எளிதில் ஏமாற்றிவிடாதபடி காக்கும் வேலி என்பதை அப்பாவின் கடவுச்சீட்டு எங்களுக்குக் கற்பித்தது.

அவசரச் சான்றிதழை விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டார்கள். அந்த அலுவலர் தம் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு மட்டும் அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. அப்பா மீண்டும் கரிமூட்டத்துக்குப் போகிறார். நாங்கள் ஒருநாள் அப்படியொரு கூடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து, வெயிலில் வந்து நிற்கும் ஒருவரிடம், “உட்காருங்க அண்ணாச்சி” என்று தமிழில் சொல்ல வேண்டும். இதுவே எங்கள் ஆசை.