பரி ஹோம்ஸ் என்னும் ஓதத்தீவு

வேல்ஸ் நாட்டின் தென்பால் கௌவர் என்னும் தீபகற்பம் உளது. அதன் மேலைக்கோடியில், ரொசிலி விரிகுடாவின் வடமுனையில், பரி ஹோம்ஸ் எனும் சிறு தீவு நிற்கின்றது. ஓதம் வடியுங்கால் அது கரையோடு சேரும், ஏறுங்கால் பிரிந்துவிடும். ஆங்குக் குடியிருப்பார் இன்று எவருமிலர்.

தீவு என்றோம். ஆயின், ஏறத்தாழ 9,000 ஆண்டுகட்கு முன்னர் ஆங்குத் தங்கிய வேட்டுவர்க்கு அது தீவன்று. நிலத்திடை எழுந்ததொரு குன்றேயாம். கடல் அன்று ஏறக்குறைய 12 மைலுக்கு அப்பால் இருந்தது. இன்று அலை புரளும் இடம் அன்று மானும் பன்றியும் திரிந்த வெளி. பனியூழி கழிந்து, பெரும் பனிப்பாறைகள் உருக உருகக் கடல் மெல்ல ஏறி அவ்வெளியை விழுங்கிற்று. பாட்டன் வேட்டையாடிய நிலத்தில் பேரன் மீன் பிடித்திருப்பான் போலும்! வேல்ஸ் தேசியப் பொருட்காட்சிச்சாலையினர் 1998-ஆம் ஆண்டில் ஆங்கு அகழ்ந்து ஆராய்ந்தனர். அவ்வேட்டுவர் விட்டுச்சென்றவை சிக்கிமுக்கிக் கல்லாலாய சிறு கருவிகள். சில விரல்நகத்தினும் பெரியவல்ல. அவற்றை மரக்கோலிற் பதித்து அம்பாகவும் ஈட்டியாகவும் கொண்டனர். கோல் மக்கிற்று, கல் நின்றது.

பின்வந்த இரும்புக்காலத்தார் தீவின் குறுக்கே மண்ணரணும் அகழியும் அமைத்தனர். இடைக்காலத் துறவியர் மடமொன்றின் இடிசுவரும் உண்டு. எமக்கோ அவற்றினும் அச்சிறு கற்களே பெரியவாய்த் தோன்றின.

கல்வி நிமித்தம் அந்நாட்டில் தங்கிய காலத்து, ஓத அட்டவணையை நன்கு நோக்கிக்கொண்டு, நண்பர் ஒருவரோடு யாம் ஆங்குச் சென்றோம். கடலரித்த ஓரத்தில் நண்பர் கூரிய கற்சில்லொன்றைக் கண்டெடுத்தார்.

"இதனை நம் கல்லூரிக் காட்சியறைக்குக் கொண்டுசெல்வோம், ஐயா" என்றார்.

"கிடந்த இடத்தினின்று பெயர்த்தால் இது வெறுங்கல்லன்றோ? எந்த மண்ணில், எதன் அருகே கிடந்தது என்பதன்றோ இதன் வரலாறு?" என்றோம் யாம்.

"இன்னும் சில மாரியில் இவ்வோரமும் இடிந்து வீழும். அப்போது கடல் கொள்ளுமே, அது தகுமோ?"

இவ்வினாவுக்கு யாம் தக்க விடை காணவில்லை. அவர் கூற்றிலும் உண்மை இருந்தது. நெடுநேரம் சொல்லாடவும் இடமில்லை. கீழே பாறைகளினிடையே நீர் மீளத் தொடங்கியிருந்தது. நண்பர் சில்லை ஒருமுறை கதிரொளியிற் பிடித்துப் பார்த்தார். பின்னர் எடுத்த குழியிலேயே வைத்து மண்ணால் மூடினார். யாங்கள் கரை சேர்ந்தபோது நீர் கணுக்காலளவு ஏறியிருந்தது.